ஒரு டன் மணி குதிக்காது

கிரேனில் சரக்கு மாட்டுகிற கலாசி அண்ணன் என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்பு போகல" என்றார். அதற்கப்புறம்தான் திட்டு விழுந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படப் பட்டறை. மோல்டிங்கில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை எனக்கு. கிரேன் கொக்கியில் ஒரு மோல்டு பாக்ஸ் தொங்கிக்கொண்டு வந்தது. மணலோடு சேர்த்து ஒரு டன் இருக்கும். கிரேன் சடக்கென்று நின்றதில் பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தது. வயசு இருபத்திரண்டு, எதையும் கையால் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு. இரண்டு கையையும் நீட்டினேன். பெட்டி தன் பாட்டுக்கு வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போய்த் தூணில் சாத்தியது.

"ஆடுற சரக்க நடுவுல மறிப்பியா? அந்தக் கோடிக்குப் போயி, திரும்பறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்கும் பாரு, அப்ப அது கொழந்த. ரெண்டு வெரலால புடிச்சிரலாம். வழியில கை வச்ச, கை இருக்காது."

இந்தப் பாடத்தை முப்பது வருஷம் கழித்து மறுபடி படித்தேன், இங்கிலாந்துச் சர்ச் கோபுரங்களில் மணி அடிப்பவர்களைப் பற்றிய ஒரு விளக்கத்தில். அந்தக் கலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சேஞ்ச் ரிங்கிங். வரிசை மாற்றி அடிப்பது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். படித்த மறு நிமிடமே கலாசி அண்ணன் குரல் காதில் விழுந்தது.

அந்த விளக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது பூனா வழியாக. 1998இல் மணல் பரிசோதனைப் பயிற்சி என்று ஆறு வாரம் பட்டறையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது. கால் போன போக்கில் பழைய ஊருக்குள் குருவார் பேட் பக்கம் போனால், சந்து பொந்துகளுக்கு மேலே உயரமாக ஒரு கோபுரம் தெரிந்தது. பஞ்ச் ஹவுத் என்று அந்த இடத்தைச் சொல்கிறார்கள், ஐந்து தொட்டி என்று அர்த்தம். ஹோலி நேம் தேவாலயம். 1880களில் ஆங்கிலேயப் பாதிரிமார் கட்டியது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் மேலே கையைக் காட்டிக் கேட்டேன். "ஆட் கண்டா" என்றார், எட்டு விரலையும் விரித்து.

எட்டு மணியா? எங்கள் பக்கத்துச் சர்ச்சில் ஒரு மணி. கோயில் என்றால் ஒரு கண்டாமணி. எட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், ஏதாவது பாட்டு வாசிப்பார்களோ என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். (டீ என்றதும் ஒன்று: இதே பஞ்ச் ஹவுத் மிஷனில் 1890இல் திலகரும் ரானடேயும் இன்னும் பலரும் ஒரு கூட்டத்துக்குப் போனார்கள். அங்கே தேநீர் கொடுத்தார்கள். கிறிஸ்தவர் கொடுத்த தேநீரை வாங்கினார்கள் என்று ஊர் ரெண்டுபட்டு, விவகாரம் பிராயச்சித்தம் வரைக்கும் போனது. நான் குடித்த டீக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.)

அந்த எட்டு மணியும் பாட்டு வாசிப்பதற்கு இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில் டெய்லர் குடும்பத்து வார்ப்படச் சாலையில் ஊற்றி, கப்பலேற்றிக் கொண்டுவந்து, முழுச் சக்கரத்தில் மாட்டியவை அவை. பம்பாய் கொலாபாவில் ஆப்கன் சர்ச் என்று சொல்லும் தேவாலயத்தில் 1904இல் வந்த எட்டு மணிகளும் அதே சாலையின் வார்ப்புதான். அந்த முழுச் சக்கரத்தில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

நம் ஊர்ச் சர்ச் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் மணி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடும். டாங், டாங். எவ்வளவு வேகமாக அடிக்கலாம்? மணி விடுகிற அளவுக்குத்தான். ஊஞ்சல் கணக்கு அது. மெல்ல ஆட்டினாலும் கொஞ்சம் ஓங்கி ஆட்டினாலும் போய்வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். அவசரம் என்று இழுத்தால் சத்தம் கூடுமே தவிர அடி முன்னால் விழாது. பெரிய மணிக்கு ஒரு நேரம், சின்ன மணிக்கு ஒரு நேரம். இப்படி எட்டு மணியைத் தொங்கவிட்டு எட்டுப் பேர் இழுத்தால் சந்தைக்கடைச் சத்தம்தான்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மணியின் தலையில் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி முழுச் சக்கரத்தைப் பூட்டி, விளிம்பில் கயிற்றைச் சுற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஏற்றி, கடைசியில் மணியை வாய் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஒரு இழுப்பு. மணி கீழே பாய்ந்து, ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபக்கம் மறுபடி வாய் மேலாக வந்து நிற்கும். நாக்கு ஒரே ஒரு தடவை அடிக்கும். அடுத்த இழுப்பில் வந்த வழியே திரும்பும், இன்னொரு அடி. முதல் இழுப்பில் கை பிடிப்பது கயிற்றில் கம்பளி நூல் சுற்றி வண்ணம் வண்ணமாக இருக்கும் பகுதி, அதை ஸேலி என்கிறார்கள். இரண்டாவது இழுப்புக்குக் கயிற்றின் நுனி.

உச்சியில் நிற்கும் அந்த நொடிதான் கலாசி அண்ணன் சொன்ன 'கொழந்த' நொடி. ஒரு டன் மணி அங்கே எடையே இல்லாத மாதிரி தள்ளாடிக்கொண்டு நிற்கும். அடிப்பவர் அங்கே ஒரு இமைப்பொழுது பிடித்துவைத்தால் அடுத்த அடி சற்றுத் தாமதமாக விழும். உச்சிக்குப் போகும் முன்னாலேயே திருப்பினால் சற்று முன்னதாக விழும். வேறு எங்கேயும் கை வைக்க முடியாது. பாதி வழியில் மறித்தால் கயிறு ஆளையே மேலே தூக்கிக்கொண்டு போகும். கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டன் கணக்கான மணியை அடிப்பதற்கு இதுதான் காரணம். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் பெரிய மணி மூன்று டன்னுக்கு மேல், லிவர்பூல் பேராலயத்தில் நாலு டன்னைத் தாண்டும். பெரியதுகளுக்கு ஓரிருவர் கை கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவே.

இப்போது கவனியுங்கள். உச்சியில் ஒரு இமைப்பொழுது கூட்டலாம், ஒரு இமைப்பொழுது குறைக்கலாம். அதற்கு மேல் முடியாது. அதாவது, மணிகள் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக அடித்துக்கொண்டிருக்கும்போது, மூன்றாவதாக அடிக்கிற மணி அடுத்த சுற்றில் இரண்டாவதாக வரலாம், நாலாவதாகப் போகலாம், இல்லை மூன்றாவதிலேயே இருக்கலாம். மூன்றிலிருந்து ஒரே தாவில் ஐந்துக்கோ ஒன்றுக்கோ போக முடியாது. ஒரு டன் மணி குதிக்காது. பக்கத்தில் நிற்பவரோடு இடம் மாற்றிக்கொள்ளும், அதுதான் அதிகபட்சம்.

இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்துதான் மொத்தக் கலையும் முளைத்தது. பாட்டு வாசிக்க இந்த மணிகள் ஒத்துவராது. பாட்டென்றால் ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டும், தாவ வேண்டும், நீள வேண்டும். அப்படியானால் என்ன வாசிப்பது? எல்லா மணியும் ஒவ்வொரு முறை அடித்தால் ஒரு வரிசை. அடுத்த வரிசையில் கொஞ்சம் இடம் மாற்று. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. கடைசியில் 1, 2, 3, 4 என்ற முதல் வரிசைக்குத் திரும்பி வந்து நிறுத்து. நிபந்தனை இவ்வளவுதான். எத்தனை வரிசை கிடைக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு: மூன்று மணிக்கு 6, நாலுக்கு 24, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. பன்னிரண்டு மணி என்றால் 47 கோடியே 90 லட்சத்துச் சொச்சம். வரிசைக்கு இரண்டு நொடி என்று வைத்தால் அடித்து முடிக்க முப்பது வருஷம். என் சர்வீஸ் அவ்வளவு.

படித்தது போதவில்லை எனக்கு, அடித்துப் பார்க்க வேண்டும். மணிக்கு எங்கே போவது? கும்மிடிப்பூண்டியில் கம்பிக்குப் பஞ்சமில்லை. 25 எம்.எம். முறுக்குக் கம்பியில் கட்டிங் பீஸ் நாலு எடுத்தேன். இரும்புத் துண்டை எங்கே கட்டித் தொங்கவிடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. நுனியில் கட்டினால் 'தொக்' என்று சாகும். ஒவ்வொரு நுனியிலிருந்தும் நீளத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில், இரண்டு பக்கமும் பைண்டிங் ஒயர் போட்டுத் தொங்கவிட்டால் கம்பி பாடும். அதிர்வு இல்லாத இடம் அது. நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி இரண்டு மடங்கு ஏறாது, நாலு மடங்கு ஏறும். அதனால் கொஞ்சம் வெட்டினாலே போதும். பெரியது 60 செ.மீ., அடுத்தது 56½, அப்புறம் 53½ சொச்சம், சின்னது 52. அடித்தால் மேலிருந்து கீழே இறங்குகிற நாலு சுரம். மணியடிக்கிறவர்கள் வழக்கப்படி சின்னது ஒன்றாம் நம்பர், பெரியது நாலாம் நம்பர்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் கட்டினேன். நான் ஒன்றாம் நம்பர். கிரேன் ஓட்டுகிற தம்பி இரண்டு. ஒடிசாவிலிருந்து வந்து ஃபர்னஸில் வேலை செய்கிற பையன் மூன்று. கேன்டீன் அண்ணன் நாலு. தரையில் சாக்பீஸால் எழுதிப் போட்டேன்:

1 2 3 4
2 1 4 3
2 4 1 3
4 2 3 1
4 3 2 1
3 4 1 2
3 1 4 2
1 3 2 4
1 2 3 4

முதலில் இரண்டு ஜோடியும் இடம் மாறும். அடுத்து நடுவில் இருக்கிற இரண்டு மட்டும் மாறும். மறுபடி ஜோடி, மறுபடி நடு. இதற்குப் பிளெய்ன் ஹன்ட் என்று பெயர், எல்லா முறைகளுக்கும் அரிச்சுவடி.

முதல் நாள் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. "அண்ணே, நம்பர பாத்துப் படிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது" என்றான் கிரேன் தம்பி. நாலு பேரும் தரையைப் பார்த்து நம்பர் படித்துக்கொண்டிருந்தோம், அதுதான் கோளாறு. கோபுரத்தில் யாரும் எண்ணை மனப்பாடம் செய்வதில்லை. எதிரில் தாளும் கிடையாது. தன் மணி போகும் பாதையை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். மேலே உள்ள கட்டத்தில் 1 என்ற எண்ணை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே இறங்குங்கள்: முதலிடம், இரண்டு, மூன்று, நாலு, மறுபடி நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. சரிவில் இறங்கி, கடைசியில் ஒரு தடவை நின்று, ஏறி வருகிற மாதிரி. மற்ற மூன்று எண்களையும் இதே போலத் தொட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே பாதைதான், கிளம்புகிற இடம்தான் வேறு. இந்தப் பாதையைக் கோடாக வரைவார்கள், வழக்கமாக நீல நிறத்தில். அதனால் 'நீலக் கோடு' என்றே பெயர். நம்ம ஊர் யூனிட் வண்டிக்காரர்களுக்குப் புரியும். அத்திப்பட்டு புதுநகரில் ஏறுகிற எனக்கு அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரிசை தெரியும். வேறு லைனில் எந்த வண்டி எங்கே கிராஸ் ஆகிறது என்று எனக்கெதற்கு?

ஆனால் கண் சும்மா இருக்கக்கூடாது. தனக்கு முன்னால் அடிக்க வேண்டியவர் யார் என்று ஒவ்வொரு வரிசையிலும் மாறிக்கொண்டே இருக்கும். வட்டமாக நிற்கிறார்கள், எட்டுக் கயிறு ஏறி இறங்குகிறது, அதில் எந்தக் கை இறங்கியதும் தன் கை இறங்க வேண்டும் என்று ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும். கயிற்றுப் பார்வை என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு மாதக்கணக்கில் அது வாய்க்காதாம். எங்களில் அதை முதலில் பிடித்தது ஒடியாப் பையன். அவனுக்குத் தமிழ் எண் சொல்ல வராது. நாங்கள் "மூணு, நாலு" என்று கத்தியது அவன் காதில் ஏறவில்லை. எங்கள் கையை மட்டும் பார்த்தான். நாலாவது நாளே சரியாக விழுந்தது அவன் அடி.

எட்டு வரிசை வந்தாயிற்று. நாலு மணிக்கு 24 ஆயிற்றே, மிச்சம் 16? ஒன்றாம் நம்பர் முதலிடத்துக்குத் திரும்பி வருகிற சமயத்தில் ஒரே ஒரு திருப்பம் செய்ய வேண்டும். 1 3 2 4க்கு அப்புறம் நடு ஜோடியை மாற்றுவதற்குப் பதில் கடைசி ஜோடியை மாற்று. 1 3 4 2 வரும். அங்கிருந்து பழையபடி போ. அடுத்த எட்டு. மறுபடி அதே திருப்பம், மூன்றாவது எட்டு. அதன் முடிவிலும் அதே திருப்பம். இருபத்திநாலும் வந்து, ஒன்றுகூடத் திரும்ப வராமல், 1 2 3 4க்கு வந்து சேரும். பிளெய்ன் பாப் என்ற பழைய முறை இது. காகிதத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை, நான் சொல்வதைவிட நன்றாக விளங்கும்.

இதை முதலில் அச்சில் போட்டவர்கள் கணித மேதைகள் யாரும் இல்லை. 1668இல் ரிச்சர்ட் டக்வொர்த் எழுதிய 'டின்டினலோஜியா' என்ற சிறிய புத்தகத்தை ஃபேபியன் ஸ்டெட்மன் வெளியிட்டார். 1677இல் 'கேம்பனலோஜியா' என்று ஸ்டெட்மனே எழுதினார். அச்சுத் தொழில் பழகியவர் அவர். எழுத்தைக் கோக்கிற கைக்கு வரிசையை மாற்றுவது இயல்பாக வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் மாற்றியே எல்லா வரிசைகளையும் அடைவது எப்படி என்பது 1960களில் கணினிக்காரர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. விடை கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் அந்த வழி மணியடிக்கிறவர்கள் புத்தகத்தில் மூன்று நூற்றாண்டாகக் கிடக்கிறது.

இங்கே நமக்குக் கொஞ்சம் ரோஷம் வர வேண்டும். 5,040 என்ற எண்ணை நம் சங்கீதக்காரர்கள் அதற்கு நானூறு வருஷம் முன்பே அடைந்துவிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணன் அரசவையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர் சாரங்கதேவர். நம் கர்நாடக சங்கீத வித்வான்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிற 'சங்கீத ரத்னாகரம்' அவர் எழுதியது. அதில் சுரப் பிரஸ்தாரம் என்று ஒரு பகுதி. ஏழு சுரத்தையும் எத்தனை விதமாக அடுக்கலாம்? 5,040. அத்தனையையும் விட்டுப்போகாமல் எழுதுவதற்கு முறை. இன்னும் ஒரு படி மேலே: "ஆயிரத்து நூறாவது அடுக்கு எது?" என்று கேட்டால் முழுவதையும் எழுதாமல் சொல்ல நஷ்டம் என்று ஒரு வழி. "இந்த அடுக்கு எத்தனையாவது?" என்றால் உத்திஷ்டம். இரண்டுக்கும் கண்டமேரு என்று ஒரு கட்டம். தேவகிரி எங்கே இருக்கிறது? பூனாவிலிருந்து ஒரு பகல் பயணம். பஞ்ச் ஹவுத் கோபுரத்தின் எட்டு மணியில் கனமான எட்டாவதைக் கடைசியிலேயே நிறுத்திவிட்டு மற்ற ஏழை மாற்றி அடித்தால் வருவதும் அதே 5,040தான்.

ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மூன்று சுரத்தை வைத்தே பார்த்துவிடலாம். சாரங்கதேவர் எழுதும் வரிசை: சரிக, ரிசக, சகரி, கசரி, ரிகச, கரிச. ஆறும் வந்துவிட்டன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு எப்படிப் போனார்? 'ரி' முதலிடத்திலிருந்து கடைசிக்கு ஒரே தாவு. தொண்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, காற்றுக்கு என்ன எடை? மணிக்காரர்கள் அதே ஆறையும் இப்படி அடிப்பார்கள்: சரிக, ரிசக, ரிகச, கரிச, கசரி, சகரி, மறுபடி சரிக. எந்த இடத்திலும் தாவு இல்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு மட்டும்தான் மாற்றம். சாரங்கதேவர் முறை தேடி எடுப்பதற்கு வசதி, அகராதி மாதிரி. மணிக்காரர் முறை நடந்து போவதற்கு. இருவருக்கும் மூளை ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறது. ஒருவர் கையில் மட்டும் வெண்கலம் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பியும் தொண்டை ஜாதிதான். பெரிய துண்டே இரண்டரை கிலோ வராது. நினைத்த இடத்தில் அடிக்கலாம், தாவலாம். அதனால்தான் நாங்கள் அத்தனை தப்பு செய்தோம். எடை இருந்திருந்தால் அதுவே எங்களைப் பாதி வழி கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

5,000க்கு மேல் வரிசை மாற்றி இடைவிடாமல் அடித்தால் அதற்குப் பீல் என்று பெயர். ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1715 மே 2 அன்று நாரிச் நகரத்தில் செயின்ட் பீட்டர் மான்குரோஃப்ட் சர்ச்சில் 5,040 வரிசையும் ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடத் திரும்ப வராமல், 3 மணி 18 நிமிடத்தில் அடித்ததை முதல் முழுப் பீல் என்று கொண்டாடுகிறார்கள். நடுவில் ஒருவர் இடம் தவறி, சரிசெய்ய முடியாமல் போனால் முழுவதும் கணக்கில் வராது. இரண்டே முக்கால் மணி நேரம் அடித்த பிறகு நடந்தாலும் அப்படித்தான். கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கிப் போவார்கள். 4,900 வரிசைக்கு அரை மார்க் கிடையாது. ஊற்றின மறுநாள் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, ஒரு ஓட்டை தெரிந்து, மொத்தத்தையும் திரும்ப உருக்கப் போட்ட அனுபவம் எனக்கு எத்தனையோ உண்டு. எனக்கு அவர்களைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டு மணியின் 40,320 வரிசையையும் ஒரே மூச்சில், ஆள் மாறாமல் அடித்தவர்கள் உண்டு. 1963 ஜூலை 27, 28. எட்டுப் பேர். 17 மணி 58 நிமிடம். வரிசைக்கு ஒன்றரை நொடி சொச்சம். இடம், அதே லஃப்பரோ. டெய்லர் வார்ப்படச் சாலையின் சொந்த மணிக்கோபுரம்! எங்கள் பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளிகள் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அது வயிற்றுக்காக. இவர்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. நாலு தெரு தள்ளி இருந்தவர்களுக்கு அத்தனை மணி நேரமும் ஒரே டாங் டாங் தான் கேட்டிருக்கும்.

அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் கை அரிக்கும். மணி வெண்கலம் என்பது நூறில் 77 பங்கு செம்பு, 23 பங்கு வெள்ளீயம், கொஞ்சம் முன்பின். வெள்ளீயம் கூடினால் நாதம் கூடும், கூடவே நொறுங்கும் குணமும் கூடும். அதனால்தான் விரிசல் விட்ட மணியை அவ்வளவு லேசில் ஒட்ட முடியாது. எங்கள் எஃகு 1,600 டிகிரியில் ஊற்றுவது, அவர்களது 1,100 டிகிரி பக்கம். அச்சுக்குக் களிமண், மணல், குதிரைச் சாணம், ஆட்டு மயிர் கலந்த சாந்து. எங்கள் தாத்தா காலத்துச் சங்கதி மாதிரி இருக்கும், ஆனால் காற்று வெளியேற அதைவிட நல்ல வழி இல்லை. ஊற்றி ஆறிய மணியைச் செங்குத்துக் கடைசல் இயந்திரத்தில் வாய் மேலாக வைத்து உள்பக்கமாகச் சுரண்டிச் சுருதி சேர்ப்பார்கள். மணியில் ஒரு சுரம் இல்லை, முக்கியமாக ஐந்து. ஒரு உயரத்தில் சுரண்டினால் ஒன்று இறங்கும், இன்னொரு உயரத்தில் இன்னொன்று. 1896 முதல் டெய்லர்கள் ஐந்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் சேர்க்கிறார்கள். ஒரு சுருள் அதிகமாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது, தங்கம் தட்டுகிறவன் மாதிரி நிதானம் வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று சின்ன காந்தாரம். நம் கர்நாடக சங்கீதப்படி சாதாரண காந்தாரம் என்று சொல்லலாம். கல்யாணத்துக்கு அடித்தாலும் மணியில் ஒரு மெல்லிய துக்கம் ஒட்டியிருப்பது அதனால்தான். லண்டன் வைட்சேப்பல் சாலை 1570இலிருந்து கணக்கு வைத்திருந்தது, 2017இல் மூடிவிட்டார்கள். டெய்லர் சாலை இன்னும் ஊற்றுகிறது.

இங்கிலாந்தில் இப்படி அடிக்கத் தோதான கோபுரங்கள் ஐயாயிரத்துக்கு மேல். உலகப் போரின்போது 1940இல் அத்தனையையும் நிறுத்திவைத்தார்கள், எதிரி இறங்கினால் எச்சரிக்கைக்கு மட்டும்தான் மணி என்று. 1942 நவம்பரில் எல் அலமெய்ன் வெற்றிக்காக ஒருநாள் அடிக்க விட்டார்கள். இரண்டு வருஷமாகக் கயிறு தொடாத கைகள் அன்றைக்கு எத்தனை வரிசையைக் குழப்பியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் இருபத்திநாலு பதினோராவது நாள் வாய்த்தது. ஒடியாப் பையன் கடைசி அடியை அடித்துவிட்டுக் கம்பியைக் கையால் பிடித்து நிறுத்தினான். சூடான பொருளைத் தொட்டவன் மாதிரி உடனே கையை எடுத்தான், அது அவ்வளவு அதிர்ந்துகொண்டிருந்தது. கேன்டீன் அண்ணன், "இதுல இன்னாபா பாட்டு இருக்குது?" என்று கேட்டார். பாட்டு இல்லை என்றேன். "அப்புறம் ஏன் நல்லாருக்குது?" என்றார். பதில் தெரியவில்லை எனக்கு.

மறுநாள் போனால் மூன்றாம் நம்பரைக் காணோம். பைண்டிங் ஒயர் மட்டும் தொங்கியது. ராத்திரி ஷிப்டில் யாரோ ஸ்க்ராப் என்று நினைத்து வாரிக்கொண்டு போய் ஃபர்னஸில் போட்டிருக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது, பார்ப்பவருக்கு அது ஸ்க்ராப்தானே? ஒடியாப் பையன் மட்டும் அன்றைக்கு உருகிய குழம்பைக் கொஞ்சம் அதிக நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு துண்டு வெட்டினேன். 53½ சொச்சம். கிரேன் தம்பி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வெட்டுறதுதான் வெட்டுறீங்க, இன்னும் ரெண்டு சேத்து வெட்டுங்க. ஆறு கம்பின்னா எத்தனை?" என்றான்.

"எழுநூத்தி இருபது."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"அரை மணி, நல்லா அடிச்சா."

"லஞ்சே அரை மணிதாண்ணே."

கேன்டீன் அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்ப நான் சோத்த எப்ப போடறது?"